செவ்வாய்: தணலா, துருவா?

"செவ்வாய் ஏன் சிவப்பா இருக்கு?" என்று அக்கா மகள் கேட்டாள். மூன்றாம் வகுப்பு. "அதன் பேரே அதுதானே" என்று தப்பிக்கப் பார்த்தேன். "மார்ஸ்னா சிவப்புனு அர்த்தமா?" என்று மடக்கினாள்.

இல்லை. மார்ஸ் ரோமானியர்களின் போர்க்கடவுள். மார்ச் மாதத்துக்கும் அவர் பெயர்தான். நிறத்தைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றும் கிடையாது. நம் சொல்லில் இருக்கிறது.

செவ்வாயைப் பிரித்தால் செம்மை + வாய். 'மை' போய்விட, மிஞ்சிய 'செம்' வகரத்துக்கு முன் 'செவ்' ஆகிறது. அதுவே தகரத்துக்கு முன் வந்தால் செந்தாமரை, ககரத்துக்கு முன் செங்கல். செம்மண், செவ்வரளி, செவ்விளநீர், செவ்வானம் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வாய் என்றால் நாம் சாப்பிடும் வாய். இடம் என்றும் பொருள் உண்டு. கோளின் பெயரில் இருப்பது எந்த வாய் என்று வாதாடலாம், செம்மையில் வாதமே இல்லை. வெள்ளிக்கு வெண்மை, சனிக்குக் கருமை (காரி, மைம்மீன்) என்று மற்ற கோள்களுக்கும் கண்ணில் பட்ட நிறத்தையே பெயராக வைத்தார்கள். நடுக்கடலில் திமிலின் (மீன்பிடி படகின்) விளக்கு எரிவதுபோலச் செம்மீன் மின்னுகிறது என்கிறது புறநானூற்றின் 60-ஆம் பாட்டு. அது செவ்வாய் என்போரும் உண்டு, திருவாதிரை என்போரும் உண்டு.

வடமொழியில் இதே கோள் அங்காரகன். அங்காரம் என்றால் தணல். கிரேக்கர்கள் பைரோயிஸ், அதாவது நெருப்பாக இருப்பவன் என்றார்கள். சீனர்களுக்கு இது நெருப்பு விண்மீன். அழகான பெயர்கள்தான். ஆனால் குழந்தையிடம் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்: "அப்போ அங்கே சுடுமா?" சுடாது. சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ். நிறத்தோடு நிறுத்திக்கொண்ட 'செவ்வாய்' யாரையும் ஏமாற்றவில்லை.

சரி, நெருப்பில்லை என்றால் வேறென்ன? துரு. மழைக்காலத்தில் வீட்டு கேட்டைப் பிடித்த கையைப் பாருங்கள், செம்பழுப்பாக ஒரு பொடி ஒட்டியிருக்கும். இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்தால் வருவது அது. செவ்வாயின் மண்ணிலும் பாறையிலும் இரும்பு நிறைய. அது துருவாகி, மாவுபோல நைந்து, காற்றில் பறந்து எல்லாவற்றின் மேலும் படிந்துவிட்டது. காவிக்கல்லின் நிறமும் தேரிக்காட்டு மணலின் சிவப்பும் இரும்பு ஆக்சைடு தந்தவைதான். அந்தத் துருவில் ஏமடைட் என்ற தாதுதான் முக்கியம் என்று வெகுகாலம் கருதினார்கள். 2025-இல் வந்த ஓர் ஆய்வு, தனக்குள் நீரைக் கொண்ட ஃபெர்ரிஹைட்ரைட்தான் பொருத்தமாக இருக்கிறது என்றது. குளிர்ந்த நீர் இருந்த காலத்திலேயே அது உண்டாகியிருக்கலாம். ஈரமில்லாமல் கேட்டு துருப்பிடிக்குமா?

இன்னொன்றும் சொன்னேன், அவளுக்கு இதுதான் பிடித்தது. இந்தச் சிவப்பு மேல்பூச்சு மட்டும்தான். 2013 பிப்ரவரியில் கியூரியாசிட்டி ஊர்தி அங்கே ஒரு பாறையில் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டது. வெளியே வந்த பொடி சாம்பல் நிறம். "அப்போ உள்ளே சாம்பல்வாயா?" என்றாள். பெயர் வைக்கும் உரிமை இவளுக்கும் உண்டுதானே!

'ரெட் பிளானட்' என்பதற்குத் தமிழில் 'சிவப்புக் கிரகம்' என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் நீளம். 'செங்கோள்' போதும். செங்கோல் ஆகிவிடாமல் ளகரத்தை மட்டும் கவனமாக உச்சரிக்க வேண்டும். கிரகம் என்ற சொல்லுக்குப் பற்றிக்கொள்வது என்பது அடிப்பொருள். கோளும் 'கொள்' என்பதிலிருந்து வந்ததுதான். இரண்டு மொழிகளும் ஒரே எண்ணத்தைப் பிடித்திருக்கின்றன. பிறரைப் பற்றிக் கோள் சொல்வது வேறு கதை, அதை வகுப்பில் அவள் ஏற்கெனவே கற்றுவிட்டாள்.

அப்புறம், செவ்வானம் என்ற சொல்லை அங்கே மாலையில் பயன்படுத்த முடியாது. பகலில் மங்கிய மஞ்சள் பழுப்பாக இருக்கும் வானம், சூரியன் மறையும்போது அதைச் சுற்றி மட்டும் நீலமாகிவிடும். காற்றில் மிதக்கும் நுண்தூசி நீல ஒளியை நேரே முன்னோக்கி அதிகம் விடுகிறது. 2015 ஏப்ரலில் கியூரியாசிட்டி எடுத்த வண்ணப் படங்களில் அந்த நீல அந்தியைப் பார்க்கலாம்.