புகைத்த வான்கோழியா, புகையூட்டிய வான்கோழியா?

போன தை மாதம் காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டு மொட்டைமாடிக்கு ஓர் அடுப்பு ஏறியது. அக்கா மகன் அமெரிக்காவில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு ஓசூருக்கு மாற்றலாகி வந்தவன். வீட்டுச் சாமானோடு தன் பெல்லட் கிரில்லையும், அதாவது மரத்தூள் குச்சிகளை எரித்துக் கறியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பையும், கப்பலில் போட்டுவிட்டான். அங்கே 120 வோல்ட்டில் ஓடிய கருவிக்கு இங்கே ஒரு மின்மாற்றிப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. காணும் பொங்கலன்று சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தோம். தமிழ் எழுதப் பழகிக்கொண்டிருக்கும் தன் மகளைக் கொண்டு அன்றைய சாப்பாட்டுப் பட்டியலை ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தான். முதல் வரி: 'புகைத்த வான்கோழிக் கால்'.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "வான்கோழி எப்பலேர்ந்துடா பொகை பிடிக்குது?" என்றாள்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. ஸ்மோக்டுன்னா வேற எப்படி எழுதறது?" என்று அவன் என் பக்கம் திரும்பினான். அன்று சொன்னது பாதி. மீதியைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவன் எழுதியதை இலக்கணப் பிழை என்று தள்ளிவிட முடியாது. புகைதல் என்பது தானாகப் புகைவது, புகைத்தல் என்பது புகையச் செய்வது. நறும்புகை காட்டுவதற்கும் புகைத்தல் என்ற சொல்லைப் பழைய அகராதிகள் தருகின்றன. ஆனால் போர்ச்சுகீசியர் வழியாகப் புகையிலை வந்து ஊர் முழுக்கப் பரவிய பிறகு அந்த வினையைப் பீடியும் சுருட்டும் பிடித்துக்கொண்டன. இன்று 'புகைத்த' என்று படித்தால் கண்முன் வருவது வாயும் விரலும்தான். அம்மாவின் கேள்வி சரியான கேள்வி. அகராதியில் ஒரு பொருள் இருந்தால் மட்டும் போதாது, படிப்பவர் மனத்திலும் அது இருக்க வேண்டும்.

நம் பக்கத்துப் பேச்சில் புகையோடு சேரும் வினைகள் மூன்று. வாழைத்தாரை அறையில் அடைத்துப் பழுக்க வைப்பது 'புகை போடுதல்'. மாட்டுக்கொட்டகையில் கொசு விரட்ட வேப்பிலை போட்டு மூட்டுவதும் அதுவே. குளித்து வந்த குழந்தையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை 'காட்டுகிறோம்'. போடுவதில் அளவு பெரிது, புகையும் கண்ணை எரிக்கும். காட்டுவதில் நேரம் குறைவு. மூன்றாவது 'ஊட்டுதல்'. கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுவது நம் இலக்கியத்தில் வழிவழியாக வரும் வழக்கம். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவியின் கூந்தல் புகையில் புலர்த்தப்படுகிறது. சாயம் ஊட்டுகிறோம், மணம் ஊட்டுகிறோம், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோம். எல்லாவற்றிலும் ஒரு பொருள் இன்னொன்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்கிறது. ஸ்மோக் செய்த இறைச்சியில் நடப்பதும் இதேதான். ஆகவே அது 'புகையூட்டிய இறைச்சி', அந்தக் கருவி 'புகையூட்டி'. மீன்வளத் துறைப் பாடங்களில் புகையூட்டிய மீன் ஏற்கெனவே உண்டு. புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை.

உப்புக்கண்டத்தை இதோடு குழப்பக் கூடாது. அது உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காய்ந்த இறைச்சி. சங்கப் பாட்டில் வரும் 'வாடூன்' அதற்கு மூத்த சொல். வாடிய ஊன், அவ்வளவே. அதில் ஈரத்தை எடுத்தது வெயில். புகையூட்டலில் சூடும் புகையும் சேர்ந்து வேலை செய்கின்றன.

இனி 'பெல்லட் கிரில்'. இரண்டு சொல்லுக்கும் தனித்தனிக் கதை இருக்கிறது. பெல்லட் என்பதன் வேர் லத்தீனில் பந்தைக் குறிக்கும் 'பிலா'. பிரெஞ்சு வழியாக வந்தபோது சிறு உருண்டை என்றானது. ஆனால் இந்த அடுப்பில் போடும் பெல்லட் உருண்டையாக இருக்காது. சுமார் 6 மில்லிமீட்டர் கனத்தில் சின்னச் சின்னக் குச்சிகளாக இருக்கும். காய்ந்த மரத்தூளைத் துளையிட்ட இரும்பு அச்சு வழியாக மிகுந்த அழுத்தத்தில் பிதுக்குகிறார்கள். அப்போது எழும் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற பொருள் இளகி, ஆறும்போது பசையாகப் பிடித்துக்கொள்கிறது. இந்த எந்திரம் முதலில் கால்நடைத் தீவன ஆலையில் பிறந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு அந்தத் தீவனத்தின் தமிழ்ப்பெயர் நன்றாகவே தெரியும்: குச்சித் தீவனம். அதே எந்திரத்தில் தீவன மாவுக்குப் பதில் மரத்தூள் போனால் அது 'தூள்குச்சி'. 'மரத்துகள் வில்லை', 'உருளை எரிபொருள்' என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். வில்லை என்றால் தட்டையாக இருக்க வேண்டும், உருளை என்றால் பெரிதாகத் தோன்றுகிறது. குச்சிதான் பொருந்துகிறது.

கிரில் என்ற சொல்லில்தான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி கிடைத்தது. அது பிரெஞ்சு வழியாக லத்தீன் 'கிராட்டிகுலா'விலிருந்து வருகிறது. சிறு பின்னல்தட்டி என்று பொருள். 'கிராட்டிஸ்' என்றால் தட்டி, அதன் சிறு வடிவம் இது. அதே கிராட்டிஸ் போர்ச்சுகீசியத்தில் 'கிராதே' ஆகி, அங்கிருந்து தமிழுக்கு வந்து 'கிராதி' ஆனது. பழைய வீடுகளின் ஜன்னலிலும் திண்ணை ஓரத்திலும் நிற்கும் கம்பிக் கிராதி அது. ஆக, கிராதியும் கிரில்லும் ஒரே தாய்வழிப் பிள்ளைகள். ஒன்று சில நூற்றாண்டு முன்னால் கப்பலேறி வந்து தமிழாகிவிட்டது, மற்றது ஆங்கிலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது. இறைச்சியைத் தாங்கும் இரும்புத் தட்டைக் கிராதி என்றே சொல்லலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

பார்பெக்யூ என்ற சொல்லையும் தொட்டுவிடுகிறேன். கரீபியத் தீவுகளின் டைனோ மக்கள் குச்சிகளால் உயரமாகக் கட்டிய தட்டு 'பார்பகோவா'. கீழே தீ மூட்டி மேலே இறைச்சியை வாட்டுவார்கள். படுத்து உறங்கும் கட்டுக்கும் அதே பெயர் வழங்கியது. தமிழில் இதற்கு ஈடு பரண். பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பன்றிக்கும் யானைக்கும் காவலாக ராகிக் கொல்லையில் போடுவதும் பரண், சமையற்கட்டில் அடுப்புக்கு மேல் இருப்பதும் பரண். விதைச் சோளக்கதிரைப் பரணில் கட்டி வைத்தால் அடுப்புப் புகை பட்டுப் பட்டு வண்டு அண்டாது. நம் பாட்டிகள் தினமும் புகையூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், இறைச்சிக்குப் பதிலாக விதைக்கு.

அந்த அடுப்பு வேலை செய்வதைப் பார்த்தால் மாவு மில் நினைவு வரும். பக்கத்தில் ஒரு கூம்புத் தொட்டி, அதில் தூள்குச்சிகள். மோட்டார் ஒரு திருகைச் சுற்ற, குச்சிகள் நகர்ந்து சிறு தீக்குழியில் விழுகின்றன. பழுக்கக் காயும் ஒரு கம்பி அவற்றைப் பற்ற வைக்கிறது, விசிறி காற்று ஊதுகிறது. உள்ளே இருக்கும் வெப்பமானி சொல்வதைக் கேட்டு, எவ்வளவு குச்சி விழ வேண்டும் என்பதைக் கருவியே முடிவு செய்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் என்பவர் இதை உருவாக்கினார். 1986-இல் காப்புரிமை கிடைத்தது. நம் வீடுகளில் இருந்த மரத்தூள் அடுப்பைத் தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தகர டப்பாவின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் ரம்பத்தூளை இடித்து அடைத்து, பாட்டிலை உருவினால் அடுப்பு தயார். ஒரு தடவை அடைத்தால் மணிக்கணக்கில் எரியும். அதனால் பெல்லட் கிரில்லுக்கு நான் தரும் பெயர் 'தூள்குச்சி அடுப்பு'.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். ஆலைக் கொதிகலனுக்கு விற்கும் பெல்லட் மலிவாகக் கிடைக்கிறதே என்று இதில் போட்டுவிடக் கூடாது. அதில் பிளைவுட் தூள், பசை, பெயின்ட் எது கலந்திருக்கிறது என்று தெரியாது. புகை வழியாக அது அப்படியே கறியில் ஏறும். சமையலுக்கென்று ஹிக்கரி, ஓக், ஆப்பிள், செர்ரி மரங்களில் தனியாகச் செய்கிறார்கள். அவன் கொண்டுவந்திருந்தது ஹிக்கரி.

போச்சம்பள்ளி சந்தையில் இரண்டு வான்கோழி வாங்கி வந்திருந்தான். முதல் நாள் இரவே கால்களை உப்புநீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தான். லிட்டருக்கு 60 கிராம் கல்லுப்பு, ஒரு கை வெல்லம். மறுநாள் ஈரம் துடைத்து, மிளகும் பூண்டும் தடவி, 110 டிகிரி செல்சியஸில் கிராதி மேல் வைத்தான். குளிர்ந்த, ஈரமான கறியில்தான் புகை நன்றாகப் படியும். முதல் ஒரு மணி நேரமே ஊட்டும் நேரம். வான்கோழிக் கால் நாள் முழுக்க நடந்த கால். நரம்பும் நார்த்தசையும் அதிகம், அந்த நரம்பு வயதானால் எலும்பு போலவே இறுகிவிடும். கோழியின இறைச்சிக்கு 74 டிகிரி உட்சூடு பாதுகாப்பானது, ஆனால் அந்த அளவில் இந்தக் கால் ரப்பர் போல இருக்கும். 80-ஐத் தாண்டி 85 வரை மெதுவாக ஏறினால்தான் நாரிலுள்ள கொலாஜன் என்ற புரதம் கரைந்து கூழாகும். இரண்டு மணி நேரம் கழித்து மின்சாரம் போய்த் திருகும் விசிறியும் நின்றுவிட்டன. கறி ஆறுவதற்குள் கால்களை இறக்கி, பின்கட்டு விறகடுப்பில் மாங்குச்சி போட்டுப் பரண் கட்டிய மாதிரி கம்பி வலையில் வைத்து முடித்தோம். வெட்டியபோது ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது. வேகவில்லையோ என்று அக்கா பதறினாள். புகையிலுள்ள நைட்ரஜன் வாயுக்கள் தசையின் நிறமியோடு சேர்ந்ததால் வந்த நிறம் அது. வெப்பமானி 83 காட்டியது.

இந்தப் பறவையின் பெயருக்கு வருவோம். கோழி நம் சொல், ஆனால் பறவை நம்முடையதல்ல. மெக்சிகோவில் பழக்கப்பட்டு, 1500-களில் ஸ்பெயின் வழியாக ஐரோப்பா போய், பிறகு கடல்வழியாக இந்தியா வந்தது. கோவாவிலிருந்து ஒன்று 1612-இல் ஜஹாங்கீர் அரண்மனைக்குப் போனது, ஓவியர் மன்சூர் அதை வரைந்தார். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஆளுக்கொரு நாட்டைப் பெயராக வைத்தார்கள். ஆங்கிலேயருக்குத் துருக்கி, துருக்கியருக்கு 'ஹிந்தி', பிரெஞ்சுக்காரருக்கு இந்தியா, டச்சுக்காரருக்கு 'கல்கூன்', அதாவது நம் பக்கத்துக் கோழிக்கோடு. தமிழ் எந்த நாட்டையும் இழுக்கவில்லை.

ஆனால் மூதுரையில் ஔவை 'கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி' என்கிறாரே? அமெரிக்கப் பறவையைத்தான் சொன்னார் என்றால் பாட்டு 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். பாட்டு அதற்கு முந்தியது என்றால் அந்த வான்கோழி வேறு பறவை. என் சாய்வு இரண்டாவது பக்கம். பெயர் பழையது, வந்த பறவை சிறகை விரித்து நின்ற நிலையைப் பார்த்து அதை இதற்கு மாற்றிச் சூட்டியிருக்கிறார்கள். அறிவியல் பெயரிலுள்ள 'கல்லோபாவோ'வும் சேவலையும் மயிலையும்தான் சேர்க்கிறது.

கடைசியாகக் கால். அமெரிக்கத் திருவிழாக்களில் கையில் பிடித்துக் கடிப்பது முழங்காலுக்குக் கீழ்த்துண்டு. நம் கறிக்கடை 'லெக் பீஸ்' தொடையோடு சேர்ந்தது. எனவே தொடை என்று எழுதாமல் கால் என்பதே சரி. டிரம்ஸ்டிக் என்று போட்டால் இங்கே முருங்கைக்காய் நினைவுதான் வரும்.

தகடூர்க்காரர்களுக்கு, அதாவது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து எங்களுக்கு, இன்னொரு சொல் உரிமையாக இருக்கிறது. தகடூர் மன்னன் அதியமான் இறந்தபோது சங்ககால ஔவை, மூதுரை பாடியவருக்குப் பல நூற்றாண்டு மூத்தவர், 'என்பொடு தடிபடு வழியெல்லாம் எமக்கீயும் மன்னே' என்று அழுதார். எலும்போடு கூடிய கறி இருந்த இடமெல்லாம் எங்களுக்கே கொடுப்பானே என்று பொருள். தடி என்றால் ஊன். இந்த அடுப்பிலிருந்து இறங்கிய துண்டுக்கு 'என்பொடு தடி'யைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ஆனால் இன்று தடி என்றால் கம்பு. அட்டையில் 'புகையூட்டிய வான்கோழிக் கால்' என்றே எழுதச் சொன்னேன். குழந்தை திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா தன் பங்குக்கு வந்த காலில் கறியை எல்லாம் பிய்த்துக் கொள்ளுப்பேத்தியின் தட்டில் வைத்துவிட்டு, மிஞ்சிய எலும்பைத் தான் எடுத்துக்கொண்டாள்.