முறிகண்டியில் நின்ற வண்டி ஏன் மறுபடி இயங்க மறுக்கிறது?

கிளிநொச்சியில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தகப்பனாரிடம் முப்பது வருடப் பழைமையான மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. அவரிடம் இருப்பது புதியது. இருவரும் ஏ9 வீதியால் வவுனியாவுக்குப் போய்த் திரும்பும்போது முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், புதியது பொத்தானைத் தொட்டவுடன் இயங்குகிறது, பழையது பத்து உதைக்கும் அசைவதில்லை. நேர்த்தி ஏதும் தவறிவிட்டதோ என்று தகப்பனார் கவலைப்படுகிறாராம். அந்தக் கோயிலைத் தாண்டும்போது நிற்காமல் போனதில்லை என்று சொல்லக்கூடியவன் நான். ஆனாலும் அந்தப் பழியைப் பிள்ளையார் மேல் போடவேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். காரணம் பழைய வண்டியின் காபரேற்றருக்குள், அதாவது பெற்றோலை வளியோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பகுதிக்குள், இருக்கிறது.

வாய்க்கால் ஒடுங்கும் இடத்தில் தண்ணீர் விரைந்து ஓடுவதை வயலுக்குப் போன எவரும் கண்டிருப்பார்கள். காபரேற்றரின் கழுத்திலும் வளி அப்படித்தான் விரைகிறது. விரையும் இடத்தில் அமுக்கம் குறையும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பேணூலியின் தத்துவம். கீழே மிதவைக் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெற்றோலை வெளி வளியின் அமுக்கம் சிறு துவாரத்தினூடாக மேலே தள்ள, அது பொடித்துளியாகி வளியோடு கலந்து எஞ்சினுக்குள் போகிறது. பம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை.

இனி ஒரு சிறு சோதனை. ஓடி வந்து நிறுத்திய உடனே காபரேற்றரின் உடலை, எஞ்சினின் சூடான பகுதிகளில் கை படாமல், மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் எஞ்சின் 100 பாகை செல்சியஸைத் தாண்டிக் கொதித்துக்கொண்டிருக்க, காபரேற்றர் ஆச்சரியப்படும்படி சூடாறியே இருக்கும். பெற்றோல் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதும், ஓட்டத்தின் காற்று இடைவிடாமல் அடிப்பதுமே அதற்குக் காரணம். கச்சான் வாங்கி வந்து மறுபடி தொட்டுப் பாருங்கள், சுடும். வண்டி நின்றதும் குளிர்த்தல் இரண்டும் நின்றுவிடுகின்றன, எஞ்சினில் தேங்கிய வெப்பம் மட்டும் உலோகத்தின் வழியே ஊர்ந்து கிண்ணத்துக்கு வந்து சேர்கிறது. பெற்றோலில் உள்ள இலேசான கூறுகள் 35 பாகையை ஒட்டியே கொதிக்கத் தொடங்குபவை. வன்னியின் கோடை மதியத்தில் வெளி வளியே அவ்வளவு சூடாக இருக்கையில், கிண்ணத்துப் பெற்றோல் குமிழியிட்டுக் கொதித்து, துவாரத்தின் வழியே தானாகவே மேலே பொங்கிக் கழுத்தை நிரப்பிவிடுகிறது. வளியில் பெற்றோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பற்றும். அதற்கு மேல் போனால் பிளக் எவ்வளவு பொறி விட்டாலும் பயனில்லை. தகப்பனாரின் வண்டி எரிபொருள் இல்லாமல் மறுக்கவில்லை, அளவுக்கு மிஞ்சிக் குடித்துவிட்டு மறுக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுக்காமல், அக்சிலேற்றரை முழுவதும் திறந்து பிடித்துக்கொண்டு உதைத்தால் மிகையான ஆவி வெளியேறி வண்டி இயங்கும்.

புதிய வண்டியில் கிண்ணமே கிடையாது. சாவியைத் திருப்பியதும் தாங்கிப் பக்கமிருந்து ஓரிரு விநாடி மெல்லிய இரைச்சல் கேட்கிறதல்லவா, அதுதான் பெற்றோல் பம்பி. அது குழாயில் ஏறத்தாழ 3 வளிமண்டல அமுக்கத்தை ஏற்றுகிறது. குக்கரில் தண்ணீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்பது போல, பெற்றோலின் இலேசான கூறுகளில் ஒன்றான, சாதாரணமாக 36 பாகையில் கொதிக்கும் பென்ரேன் இந்த அமுக்கத்தில் 80 பாகையைத் தாண்டும்வரை திரவமாகவே இருக்கும். கணினி சில மில்லிவிநாடிகள் மட்டும் ஊசியைத் திறந்து வேண்டிய அளவைப் பீச்சுகிறது. அளவு சரிதானா என்று புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணரி சொல்லிக்கொண்டே இருக்கிறது. நெடும்பயண வண்டிகளில் பிஎம்டபிள்யூவின் கே100 பெற்றோலைப் பீச்சும் முறையை 1983 இலேயே கொண்டு வந்தது. 1975 இல் நான்கு காபரேற்றர்களோடு வந்த ஹொண்டா கோல்ட் விங், எண்பதுகளின் நடுவில் வந்த சிறப்புப் பதிப்புகளைத் தவிர, அதற்கு முழுமையாக மாற 2001 வரை காத்திருந்தது.

அதற்காகப் பழையதைக் குறைவாக எண்ண என்னால் முடியாது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைக்காத வன்னியில் ஹொண்டாவின் எம்டி 90 மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நாங்கள் கண்டிருக்கிறோம். சிறு போத்தலில் பொக்கிஷம் போல வைத்திருந்த பெற்றோலில் சில துளியை விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு விட்டுவிடுவார்கள். மண்ணெண்ணெய் 38 பாகைக்குக் கீழே தீப்பற்றப் போதிய ஆவியைத் தருவதில்லை, ஆகையால் முதற் சூட்டுக்குப் பெற்றோல் தேவைப்பட்டது. புகையும் கரியும் ஏராளம். ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கழுத்தில் விரையும் வளிக்குத் தான் இழுப்பது எந்த எண்ணெய் என்ற கேள்வியே இல்லை. புதிய வண்டியின் கணினியோ பெற்றோலுக்கு மட்டுமே கணக்குத் தெரிந்தது.

இன்னொரு வேறுபாட்டைக் கனகராயன்குளத்துக்கு அருகே ஓர் இரவில் நான் நேரில் அறிந்தேன். என் புதிய வண்டியின் மின்னேற்றும் பகுதி பழுதாகி, பற்றரி இறங்கி, பம்பியும் பொறியும் ஒன்றாக நின்றுபோயின. பழைய வண்டி இருமி, திணறி, நாட்கணக்கில் எச்சரித்துத்தான் படுக்கும்; இது ஓடிய ஓட்டத்தில் அணைந்தது. மறுநாள் கராச்சுக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த கைதேர்ந்த மெக்கானிக்கிடம் பழுதைக் கணினியில் வாசிக்கும் கருவி இல்லை. வன்னியில் தொழிற்பயிற்சிக்கு ஒதுக்கப்படும் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கருவிகளுக்கும் அவற்றைக் கையாளும் பயிற்சிக்கும் போகவேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறேன்.

கண்டி வரை போக எதை எடுப்பது என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். ஏ9 வீதியால் அவ்வளவு தூரம் ஓடவேண்டுமானால் நான் புதியதையே எடுப்பேன். வழியில் நின்றுபோகும் வாய்ப்பு அதில்தான் குறைவு. புறப்படுவதற்கு முதல்நாள் எஞ்சினை இயக்கி, சற்று முடுக்கிப் பிடித்துக்கொண்டு, பற்றரியின் முனைகளில் மீற்றரை வைத்துப் பாருங்கள். 13.5 க்கும் 14.5 வோல்ற்றுக்கும் இடையில் காட்டினால் புறப்படலாம். 13 க்குக் கீழே நின்றால் முதலில் கராச்சுக்குப் போங்கள்.