பெரணியா? முதலில் இலையைத் திருப்புங்கள்

மலையடிவாரங்களில் தாவரக் கணக்கெடுப்புக்குப் போகும்போது, கூட வருகிறவர்கள் கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டி "இது என்ன பெரணி?" என்று கேட்பது வழக்கம். படத்தில் இலையின் மேல்பக்கம் மட்டுமே இருக்கும். பூவும் காயும் இல்லாத இனத்தில், முக்கியமான துப்பு இலைக்கு அடியில்தான் கிடைக்கும்.

முற்றிய இலையைத் திருப்பினால் பழுப்பு நிறத்தில் புள்ளியோ கோடோ தெரியும். இவை சோரஸ் எனப்படும் வித்துத் (ஸ்போர்) தொகுதிகள். செதில்பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்களும் உண்டு. பூச்சி கண்ட இடத்தில் ஒட்டியிருக்கும். சோரஸ் வரிசை பிசகாது. எல்லா இலையும் வித்து தாங்காது என்பதால் நாலைந்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

சோரஸ் சிற்றிலையின் விளிம்போடு நீளக்கோடாக ஓடினால் பெரும்பாலும் டெரிஸ் இனப் பெரணி. பழைய சுண்ணாம்புச் சுவர்களில் முளைக்கும் டெரிஸ் விட்டாட்டா மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சிச் சேர்க்கும் என்பது 2001இல் தெரியவந்தது. பளபளக்கும் கறுப்புக் காம்பும், மடிந்த விளிம்புக்குள் வித்தும் இருந்தால் அடியாண்டம். பாறையிலோ மரத்திலோ தொற்றி, பச்சை இலைகளின் அடியில் காய்ந்த பழுப்பு இலைகளையும் வைத்திருப்பது டிரைனேரியா, அதாவது முடவாட்டுக்கால். எனக்குப் பிடித்தது வெள்ளிப் பெரணி: அடிப்பக்கத்தைப் புறங்கையில் வைத்து அழுத்தினால் இலையின் அச்சு வெள்ளைப் பொடியில் அப்படியே பதியும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து பல நாடுகளில் பரவியது அது.

கவனம் தேவைப்படுவது பிராக்கன் என்ற பெரணி விஷயத்தில். கொத்தாக வளராது. மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிளம்பி, விட்டால் சரிவு முழுவதையும் பிடித்துவிடும். முக்கோண வடிவில் விரிந்த, பலமுறை பிரிந்த, தொட்டால் விறைப்பான இலை. இதிலுள்ள டாக்விலோசைடு புற்றுநோயைத் தூண்டும் நச்சு. தொடர்ந்து மேயும் மாடுகளுக்குச் சிறுநீரில் இரத்தம் போகும். நச்சு பாலிலும் இறங்கும். கொதிக்கவைத்துத் தண்ணீரை இறுத்தால் குறையுமே தவிர முழுதாகப் போகாது.

ஓடைக்கரையில் வளரும் டிப்ளேசியம் எஸ்குலென்டம் என்ற பெரணியின் இளந்தளிரைப் பல நாடுகளில் கீரையாகச் சமைக்கிறார்கள். சிக்கல் இங்கேதான். சுருண்ட தளிர் எந்தப் பெரணியிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், அதில் சோரஸும் இருக்காது. எனவே தளிரைப் பார்த்துப் பறிக்காதீர்கள். அதே செடியின் முற்றிய இலையைத் தேடிப் புரட்டுங்கள்: டிப்ளேசியத்தில் சோரஸ் பக்க நரம்புகளை ஒட்டிச் சாய்ந்த கோடுகளாக இருக்கும், பிராக்கனில் மடிந்த விளிம்புக்குள் இருக்கும். முற்றிய இலையே அகப்படவில்லையா, தளிரை விட்டுவிட்டு வாருங்கள்.

படம் அனுப்புகிறவர்கள் மூன்று எடுங்கள்: முழுச் செடி, இலையின் அடிப்பக்கம், காம்பு தரையைத் தொடும் இடத்திலுள்ள செதில்.