பாரமான பைக்குக்கு மாறுகிறவர்கள் முதலில் மெதுவாக ஓடப் பழக வேண்டும்

சிடி100, டிஸ்கவர், பல்சர் என்று ஓடிப் பழகியவர்கள் டொமினார் 400, ஹிமாலயன், சிபி500எக்ஸ் போன்ற தூரப் பயண பைக்குகளுக்கு மாறுவது திருகோணமலையிலும் இப்போது சாதாரணமாகிவிட்டது. எங்களிடம் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இது எவ்வளவு இழுக்கும்?" கராஜுக்கு வரும் சேதங்களோ வேறு கதை சொல்கின்றன. முறிந்த கிளச் லீவர், வளைந்த கியர் பெடல், உடைந்த இன்டிகேட்டர், கூடவே ஓடியவரின் சுளுக்கிய கணுக்கால். இவற்றில் பெரும்பங்கு மணிக்கு 10 கிலோமீற்றருக்கும் குறைந்த வேகத்தில் நடப்பவை. பெற்றோல் செட் வரிசை, வீட்டு கேற் வாசல், ஒழுங்கைக்குள் திருப்புதல், கடற்கரை மணலில் நிறுத்துதல், இந்த நாலு இடமும்தான் புதிய பெரிய பைக்கைப் படுக்க வைக்கின்றன.

காரணம் எளிய கணக்கு. சிடி100 ஏறக்குறைய 110 கிலோ, பல்சர் 150 ஏறக்குறைய 145 கிலோ. மேலே சொன்ன மூன்றும் 200 கிலோவைத் தொட்டும் தொடாமலும் நிற்பவை. நேராக நிற்கும்வரை அந்தப் பாரம் கையில் தெரியாது. 10 பாகை சரிந்தால் ஹேண்டிலில் ஏறக்குறைய 20 கிலோ இழுவை வரும், காலூன்றிப் பிடித்துவிடலாம். 30 பாகை சரிந்தால் 50 கிலோவுக்கு மேல் போய்விடும், அதை ஒரு காலில் நின்று யாரும் தடுக்க முடியாது. சின்ன பைக்கில் அதே சரிவை முழங்காலால் தாங்கிப் பழகியவருக்கு உடம்பு பழைய கணக்கையே போடுகிறது. போதாததற்கு 15 லீற்றர் பெற்றோல் நிரப்பினால் இன்னொரு 11 கிலோ, அதுவும் பைக்கின் மிக உயரமான இடத்தில். பழகும் நாட்களில் தாங்கியை அரைவாசிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

நின்ற நிலையில் விழுவதற்கு முதற்காரணம், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிப்பது. முன் சில்லு ஒரு பக்கம் பார்த்தபடி நின்றுவிட, பாரம் முழுவதும் அந்தப் பக்கமே சாய்கிறது. நிற்பதற்கு முந்திய கடைசி ஒரு மீற்றரில் ஹேண்டிலை நேராக்குங்கள். அந்த வேகத்தில் பின் பிரேக் மட்டும் போதும். இரண்டாவது காரணம் கால் வைக்கும் இடம். 800 மில்லிமீற்றர் சீற் உயரத்தில் பலருக்கு இரண்டு பாதமும் முழுதாகப் பதியாது. அது குறையல்ல. இடது பாதத்தை முழுதாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கிலேயே வைத்திருக்கலாம். சல்லியிலோ பள்ளத்திலோ அந்த ஒற்றைக் காலை வைக்காமல் இருப்பதுதான் முக்கியம். செருப்போடு இந்த பைக்கை ஓடுகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கோபமே வருகிறது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சைட் ஸ்டாண்ட் மணலில் மெல்லப் புதையும். நிறுத்தும்போது நிற்கும், தேநீர் குடித்துத் திரும்பும்போது கிடக்கும். உள்ளங்கை அளவு பலகைத் துண்டு ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். சரிவில் நிறுத்தும்போது முன்பக்கம் மேட்டைப் பார்க்க, முதல் கியரில் விடுங்கள்.

இனிப் பயிற்சி. ஆட்களில்லாத மைதானமோ விடுமுறை நாளில் வெறுமையான வாகனத் தரிப்பிடமோ போதும். முதலில் பைக்கில் ஏறாமல், என்ஜினை நிறுத்தி, இடப்பக்கம் நின்று இடுப்பில் சாய்த்தபடி தள்ளுங்கள், எட்டு வடிவில் திருப்புங்கள். பாரம் எங்கே இருக்கிறது என்பதை உடம்பு அப்போதுதான் படிக்கும். அடுத்தது கிளச். முழுதாகப் பிடித்தும் இல்லாமல், முழுதாக விட்டும் இல்லாமல், பிடி விழத் தொடங்கும் அந்த இடத்தை விரல் கண்டுபிடிக்க வேண்டும். அக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து, கிளச்சை அந்த இடத்திலேயே வைத்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி நடை வேகத்தில் 20 மீற்றர் நேராகப் போங்கள். இதைச் செய்ய முடியாதவர் திருப்பப் பழகுவதில் அர்த்தமில்லை. பிறகு 8 மீற்றர் அகலத்துக்குள் யு திருப்பம், அது கைவந்தபின் 6 மீற்றர். கண் முன் சில்லைப் பார்த்தால் பைக் அங்கேயே விழும். தலையைத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். திருப்பத்தின் நடுவில் கிளச்சை முழுதாகப் பிடிப்பதும் அக்சிலேட்டரை விடுவதும் ஒன்றுதான்: தாங்கிக்கொண்டிருந்த இழுவை அறுந்து பைக் உள்பக்கம் விழும்.

எப்படியும் ஒருநாள் விழும். எல்லை தாண்டிச் சரிந்தால் பிடிக்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். லீவர் வாங்கலாம். தூக்குவதற்கு முறை இருக்கிறது. சுவிட்சை நிறுத்தி, பெற்றோல் கசிகிறதா பாருங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைட் ஸ்டாண்டை முதலிலேயே விரித்து, முதல் கியரில் போடுங்கள். இடப்பக்கமென்றால் மேலே இருக்கும் முன் பிரேக் லீவரை ஒரு இறப்பர் பட்டியால் கட்டிவிடுங்கள், உருளாது. ஹேண்டிலை நிலத்தை நோக்கி முழுதாகத் திருப்பி, சீற்றுக்கு முதுகு காட்டிக் குந்தி, இடுப்பை அதில் பதியுங்கள். ஒரு கை கீழே கிடக்கும் ஹேண்டில் பிடியில், மற்றது பின் பிடிகம்பியில். சைலன்சரிலும் இன்டிகேட்டரிலும் கை வைக்க வேண்டாம். முதுகை நேராக வைத்துச் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்தால் கால்கள்தான் தூக்கும். பாதிக்கு மேல் திடீரென்று இலகுவாகும். அந்த வேகத்தில் மறுபக்கம் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

பிரேக் விஷயத்தில் பழைய பழக்கத்தை மறக்க வேண்டியிருக்கிறது. டிரம் பிரேக் பைக்கில் வளர்ந்தவர்கள் வலது காலை மட்டும் நம்புகிறார்கள். பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னுக்குப் போவதால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் சில்லுக்கே உரியது. உலர்ந்த தார் வீதியில் 70 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் ஏறக்குறைய 27 மீற்றரில் நிற்கும். பின் பிரேக் மட்டுமென்றால் 50 மீற்றருக்கு மேல் வேண்டும். கண்டு, உணர்ந்து, கை பிரேக்குக்குப் போகும் ஒரு வினாடியில் ஓடும் 19 மீற்றரையும் இரண்டோடும் கூட்டிக்கொள்ளுங்கள். லீவரைத் திடீரென்று பறிக்காமல், முதலில் லேசாக அழுத்தி முன் ஷொக் அமர விட்டு, பிறகு இறுக்க வேண்டும். 2018க்கு முந்திய ஹிமாலயன்களில் ஏபிஎஸ் இல்லாதவை உண்டு. வாங்கும்போது கேட்டுப் பாருங்கள். ஏபிஎஸ் இருந்தால் லீவர் கையில் துடிக்கும், அதற்குப் பயந்து விடாதீர்கள். ஏபிஎஸ் சில்லு இறுகாமல் காக்கும். நிலாவெளி வீதியில் கிடக்கும் மணலுக்குப் பிடிப்பைக் கொடுக்க அதனாலும் முடியாது.

இங்கே தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றையும் சொல்ல வேண்டும். முன் கண்ணாடியும் பக்கப் பெட்டிகளும் சேர்ந்தால் பாரமான பைக்கும் பாய்மரம்தான். கிண்ணியாப் பாலம் ஏறக்குறைய 400 மீற்றர், மறைப்பே இல்லை. இருபது இருபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் ஓடும் எந்த மோட்டார் சைக்கிளும் எந்தப் பக்கப் பிடியை முன்னுக்குத் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கமே சாயும். இடது பிடியைத் தள்ளினால் இடது. சின்ன பைக்கில் இதை அறியாமலே செய்துவிடுகிறோம். 200 கிலோவில் அறிந்து செய்ய வேண்டும். காற்று வலப்பக்கத்தால் தள்ளினால் வலது பிடியை மெல்லத் தள்ளி வையுங்கள். தோளை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு வீச்சும் ஹேண்டிலுக்கு நேரே போகும். பஸ் ஒன்று கடக்கும்போது காற்று ஒரு கணம் நின்று திரும்ப அடிக்கும், அதற்கு இடம் விட்டு ஓடுங்கள்.

சாமான் ஏற்றுவதில் ஒரே விதிதான்: பாரமானது கீழே, நடுவுக்குக் கிட்ட. பின் பெட்டியில் தண்ணீர்ப் போத்தல், திருத்தும் கருவிகள் எல்லாவற்றையும் அடைத்தால் முன்பக்கம் இலேசாகி வேகத்தில் ஹேண்டில் ஆடத் தொடங்கும். பின்னால் ஆள் ஏறுவதென்றால் பின் ஷொக்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன்னிறுக்கத்தை) கூட்டி, ரயர் காற்றையும் பைக்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு ஏற்றுங்கள், ரயர் குளிர்ந்திருக்கும்போதே. பின்னால் ஏறுகிறவர் சொல்லிவிட்டு ஏற வேண்டும். சொல்லாமல் ஏறி விழுத்திய மனைவிமார் ஊரில் நிறைய என்பார்கள், சொல்லிக் கொடுக்காத கணவன்மாரும் அதே அளவு.

பாவித்த பைக் வாங்குகிறவர்கள் மீற்றர் காட்டும் ஓடிய தூரத்தைவிட ரயரை நம்பலாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திறந்தது. அதனால் குறைவாக ஓடி நீண்ட நாள் நின்ற பைக்குகள் சந்தையில் உண்டு. ரயர் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். பழைய ரயரில் பூ (மேல் வரிகள்) முழுதாக இருந்தாலும் இறப்பர் இறுகியிருக்கும், மாரி மழையில் அது தெரியவரும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுவது. கறுத்திருந்தால் விலை பேசும்போதே மாற்றும் செலவைக் கழியுங்கள், மாற்றிய பின் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும். சின்ன பைக்குகள் பலவற்றில் செயினுக்கு மூடி உண்டு. இவற்றில் திறந்தே கிடப்பதால் கடற்கரை உப்பு நேரே பிடிக்கும். 500 கிலோமீற்றருக்கு ஒரு தரம் மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து, 90ஆம் நம்பர் கியர் எண்ணெய் பூசுங்கள். பெற்றோல் போட்டால் செயினுக்குள் இருக்கும் இறப்பர் வளையங்கள் கெடும். என்ஜினை ஓடவிட்டு, கியரில் சில்லைச் சுற்றவிட்டுத் துணி பிடிக்கிறவர்கள் விரலை இழக்கிறார்கள்.

சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். ஏ1 மட்டும் இருந்தால் 100 சிசி வரைதான். இதற்கு ஏ வேண்டும். இல்லாமல் ஓடி விபத்தானால் காப்புறுதிக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

முதல் தூரப் பயணத்துக்கு ஹபரணை போதும், ஒருவழி ஏறக்குறைய 85 கிலோமீற்றர். விடிந்தபின் வெளிக்கிட்டு, கந்தளாயில் ஒரு முறை இறங்கிக் கை கால் நீட்டி, ஹபரணையில் திரும்புங்கள். பின்னேரம் நாலு மணிக்குள் கந்தளாயைத் தாண்டி ஊர்ப்பக்கம் வந்துவிட வேண்டும். இருட்டியபின் அந்தக் காட்டு வீதியில் யானை நிற்கும், ஊருக்குக் கிட்டத் தாரின் சூட்டுக்கு மாடுகள் படுத்திருக்கும். டிம் வெளிச்சம் காட்டுவது நாற்பது ஐம்பது மீற்றர். 70இல் வருகிறவருக்கு நிற்கத் தேவை 46.