காசு கொடுத்து வாங்கிய சூனியம்

"தம்பி, என் வெப்சைட்டுக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டே போன வாரம் ஒரு வாத்தியார் வந்து உட்கார்ந்தார். தர்மபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் என் கடை. வெப்சைட் செய்து கொடுப்பதும், அடுத்தவர் செய்து கெடுத்ததைச் சரிசெய்வதும் தொழில். வரவர இரண்டாவது வேலைதான் அதிகம். இதே கதையோடு இந்த மாதம் வந்தவர்களில் இவர் நாலாவது ஆள்.

சார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அரூர்ப் பக்கம் புளியமரத்தடியிலும் வயல் வரப்பிலும் நிற்கிற நடுகற்களைத் தேடிப் போய்ப் படமெடுத்து, அதிலுள்ள வட்டெழுத்தை உட்கார்ந்து வாசித்து, பத்து வருடமாகச் சொந்தத் தளத்தில் எழுதி வருகிறார். கூகுளில் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தவர், இப்போது ஐந்தாம் பக்கம் வரை தள்ளிப் பார்த்தாலும் இல்லை. "என் போனில் தேடினால் முதலில்தான் வருது. பேரன் போனில்தான் காணோம்" என்றார். தினமும் தன் தளத்தையே திறந்து பார்ப்பவரின் போன் அப்படித்தான் காட்டும். சொந்த போனில் தேடிப் பார்த்து ரேங்க்கை அளக்காதீர்கள் என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது!

ஒரு தளம் தேடலில் எப்படி வருகிறது என்று அதன் சொந்தக்காரருக்கு கூகுள் காட்டும் சர்ச் கன்சோலைத் திறக்கலாம் என்றால், அது தளத்தைப் புதுப்பித்துக் கொடுத்த கம்பெனியின் மெயிலில் இருக்கிறது. அவர்கள் போனை எடுப்பதில்லை. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) மட்டும் நல்லவேளையாகச் சார் பெயரிலேயே இருந்ததால், அரை நாள் போராடி உள்ளே போனோம். உள்ளே நாலு மாதமாக யாரும் படிக்காத ஒரு செய்தி கிடந்தது. வேறு தளங்களிலிருந்து இந்தத் தளத்துக்கு இயற்கைக்கு மாறான லிங்க்குகள் இருப்பதால் நடவடிக்கை எடுத்திருக்கிறோம் என்று கூகுளே எழுதியிருக்கிறது.

லிங்க் பட்டியலை இறக்கிப் பார்த்தேன். நடுகல் பற்றிய தளத்துக்கு ஆன்லைன் சூதாட்டத் தளத்திலிருந்து லிங்க். உடல் இளைக்க மாத்திரை விற்பவனிடமிருந்து லிங்க். படிக்கவே தெரியாத மொழியில் நூறு பக்கங்கள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், "சிறந்த தமிழ் வரலாறு தளம்". சார் மெதுவாகச் சொன்னார்: "3,500 ரூபாய்க்கு 1,000 பேக்லிங்க் என்று சொன்னாங்க தம்பி. எக்செல் ஷீட் கூட அனுப்பினாங்க."

சூனியம் யார் வைத்தது என்று தெரிந்துவிட்டது. ரசீதோடு.

இந்த 'லிங்க் கூடினால் ரேங்க் கூடும்' என்ற நம்பிக்கையை எப்படித்தான் ஒழிப்பது? 1998-ல் கூகுள் தொடங்கியபோது அதன் அடிப்படை யோசனையே, ஒரு பக்கத்தை எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் சுட்டிக் காட்டுகிறார்கள் என்று பார்ப்பதுதான். அந்த 'எப்படிப்பட்டவர்கள்' என்ற பாதியை விற்பவனும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. பிரியாணிப் பொட்டலம் கொடுத்து லாரியில் அழைத்து வந்த கூட்டத்தைப் பார்த்து, இவருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று ஊரில் யாராவது நம்புகிறார்களா? கூகுளும் நம்புவதில்லை. 2012-ல் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து இப்படி லிங்க் வாங்கியவர்களைக் கீழே தள்ளியது. 2016-லிருந்து பெரும்பாலும் அந்த லிங்க்குகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடுகிறது. ஆக, உங்கள் காசு தண்டம். அளவு மீறினால், சாருக்கு நடந்தது போல ஆள் உட்கார்ந்து பார்த்து நடவடிக்கை எடுக்கிறார்கள். தண்டத்துக்கு மேல் தண்டனை.

'டிஏ (டொமைன் அத்தாரிட்டி) 30 ஆக்கித் தருகிறோம்' என்பவர்களும் உண்டு. அந்த எண் மோஸ் என்ற தனியார் கம்பெனி போட்டுக்கொள்ளும் மதிப்பெண். கூகுள் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

இதைவிட வயிற்றெரிச்சல் வேறொன்று. சாருக்கு உண்மையான லிங்க்குகள் இருந்தன. ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறை, ஆய்வு மாணவர்கள், ஊர்க் கதை எழுதும் சிலர் எல்லாரும் அவர் கட்டுரைகளைத் தானாகவே சுட்டியிருந்தார்கள். தளத்தைப் புதுப்பித்தவர்கள் எல்லாக் கட்டுரைகளின் முகவரியையும் மாற்றிவிட்டு, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழிகாட்டும் 301 ரீடைரக்ட் போடவில்லை. பழைய லிங்க்கைத் தட்டினால் 'பக்கம் இல்லை' என்ற 404. கடையை அடுத்த தெருவுக்கு மாற்றிவிட்டு, பழைய கதவில் ஒரு அட்டை கூடத் தொங்கவிடாமல் போன மாதிரி. பத்து வருடச் சம்பாத்தியத்தை ஒரே நாளில் தொலைத்துவிட்டு, அதை ஈடுகட்டத்தான் அந்த 1,000 போலி லிங்க்.

தமிழில் எழுதுபவர்களுக்கு உள்ள வியாதி ஒன்றும் இருந்தது. சாரின் பழைய கட்டுரைகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. அதில் 'நடுகல்' என்று உங்கள் கண்ணுக்குத் தெரிவது, உள்ளே இ, எல், எஃப், ஒய், ஒரு அரைப்புள்ளி என்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் பதிவாகியிருக்கும். 'நடுகல்' என்று தேடுபவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? தமிழைத் தமிழ் எழுத்தாகவே பதிகிற யூனிகோடுக்கு மாற்றுங்கள். கவிதையைப் படமாகச் செய்து போடுபவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: எழுத்தை எழுத்தாகப் போடுங்கள்.

சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருப்பவர் ஒருவர், ஆறு மாதமாக கூகுளில் வரவில்லை என்று வந்தார். அவர் தளத்தைக் கட்டியிருந்த வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்பில் 'தேடுபொறிகள் வர வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. கட்டும்போது போட்டதை எடுக்க மறந்திருக்கிறார்கள். ஒரு நிமிட வேலை. பணம் வாங்கவே கூச்சமாக இருந்தது (வாங்கினேன்). இன்னொருவர் ஆகஸ்டில் வந்து, மாம்பழக் கட்டுரைக்குக் கூட்டம் குறைந்துவிட்டது என்றார். சீசன் முடிந்தால் குறையாமல் என்ன செய்யும்?

ஏஐ-யிடம் சொல்லி ஒரே வாரத்தில் 300 கட்டுரை ஏற்றுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏஐ தொட்டாலே குற்றம் என்று கூகுள் சொல்லவில்லை. ஆனால் ரேங்க்குக்காகவே பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை, யார் செய்தாலும், எதை வைத்துச் செய்தாலும், 2024 மார்ச்சில் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது. ஒகேனக்கலை இந்தியாவின் நயாகரா என்று சொல்ல ஏற்கெனவே ஆயிரம் பக்கம் இருக்கிறது. காவிரியில் தண்ணீர் கூடிப் பரிசலை நிறுத்திய அன்று பென்னாகரத்திலிருந்து போய்த் திரும்பி வந்த ஒருவர் எழுதினால், அது வேறெங்கும் கிடைக்காது.

சரி, செய்ய வேண்டியது. டொமைன், ஹோஸ்டிங் (தளம் குடியிருக்கும் வாடகை இடம்), சர்ச் கன்சோல் மூன்றும் உங்கள் மெயிலில் இருக்கட்டும். அண்ணன் மகன் மெயிலில் வேண்டாம். மாதம் ஒருமுறை கன்சோலைத் திறந்து பாருங்கள். திருட்டு தீம் (தளத்தின் தோற்ற அமைப்பு) போடாதீர்கள். அதன் வழியாக யாராவது உள்ளே புகுந்து, ஒருநாள் உங்கள் தளத்தில் ஜப்பானிய மொழியில் செருப்பு விற்பார்கள். போனில் எடுத்த 6 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஊர்ப் பெயர்களை அடுக்குவதை தயவுசெய்து விடுங்கள். பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதும் மெட்டா கீவேர்டை ரேங்க்குக்குப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே கூகுள் சொல்லியாகிவிட்டது, அதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தளத்தைப் புதுப்பிக்கக் கொடுக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "பழைய முகவரிகள் என்ன ஆகும்?" முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சார் தளத்துக்கு ரீடைரக்ட் போட்டாயிற்று. வாங்கிய லிங்க்குகளில் எடுக்க முடிந்ததை எடுக்கச் சொல்லி, மீதியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் நிராகரிப்புப் பட்டியலில் சேர்த்து, நடந்ததை மறைக்காமல் கூகுளுக்கு மறுபரிசீலனை மனு அனுப்பியிருக்கிறோம். பதிலுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் சார் பாமினிக் கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்ற உட்கார்ந்துவிட்டார். இன்னும் 40 பாக்கி.