‘இடைப்பட்ட இணைப்பு’ தவறு, ‘இடைவிடும் இணைப்பு’ சரி

நங்கநல்லூரில் சித்தப்பா வீட்டில் மேசைக் கணினிக்கு மட்டும் நெட் வருவதும் போவதுமாக இருந்தது. போன்களில் ஒரு குறையும் இல்லை. அவர் தேடிப் படித்த தமிழ் உதவிக்குறிப்பின் தலைப்பு ‘இடைப்பட்ட இணைய இணைப்பைச் சரிசெய்தல்’. ரவுட்டருக்கும் கணினிக்கும் இடைப்பட்ட வயரில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, ரிச்சி தெருவுக்குப் போய் புது லேன் கேபிள் வாங்கி வந்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த எவரும் அதை அப்படித்தான் படிப்பார்கள்.

இன்டர்மிட்டென்ட் (intermittent) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இந்த ‘இடைப்பட்ட’ எங்கே பார்த்தாலும் வந்து நிற்கிறது. மூலம் இலத்தீன். ‘இன்டர்’ என்றால் இடையில். ‘மிட்டரே’ என்றால் அனுப்பு, விடு. இடையிடையே விடுவது, அவ்வளவுதான்.

மொழிபெயர்த்தவர் ‘இடை’யை மட்டும் பிடித்துக்கொண்டு ‘விடு’வைக் கோட்டைவிட்டார். கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் இடைப்பட்ட ஊர் குரோம்பேட்டை. 1918-க்கும் 1939-க்கும் இடைப்பட்டது இரண்டு உலகப் போர்களின் நடுக்காலம். இரண்டுக்கு நடுவில் இருப்பதுதான் இடைப்பட்டது. நின்று நின்று வருவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஐப்பசியில் சென்னையில் விட்டு விட்டு மழை பெய்கிறது. இடைப்பட்ட மழை பெய்கிறது என்று யாராவது சொல்வார்களா? காய்ச்சலும் விட்டு விட்டுத்தான் வருகிறது. மாத்திரையைக்கூட ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறோம். இலத்தீன்காரன் வைத்த அதே வினை நம் வாயில் தினமும் புழங்குகிறது.

‘விட்டு விட்டு’ பேச்சுவழக்கு, கலைச்சொல் ஆகாது என்பார்கள். சரி, ‘இடைவிடாத மழை’ எழுத்துவழக்குதானே? அதிலுள்ள எதிர்மறையை எடுத்துவிடுங்கள்: இடைவிடும் மழை, இடைவிடும் இணைப்பு. ‘இடைவிட்ட’ என்றால் ஒருமுறை அறுந்து முடிந்ததுபோல ஒலிக்கும். ‘இடைவிடும்’ என்பதில் அது தொடர்ந்து நடப்பது தெரிகிறது. சிலர் ‘நிலையற்ற இணைப்பு’ என்கிறார்கள். வேகம் ஏறி இறங்கினாலும் அது நிலையற்றதுதான். அறுந்து அறுந்து ஒட்டுவதை அது தனியாகக் காட்டாது.

இது வெறும் சொல் சண்டை இல்லை. இடைப்பட்டது என்றால் ‘எங்கே?’ என்று தேடத் தோன்றும். விட்டு விட்டு என்றால் ‘எப்போது விடுகிறது?’ என்று கேட்கத் தோன்றும். இந்த மாதிரிக் கோளாறில் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான். நான் கேட்டேன். சித்திதான் சொன்னார்: “நான் பிரின்டரைப் போடுறப்பல்லாம்தான் போகுதுப்பா.”

பார்த்தால், பிரின்டருக்கு யாரோ கையால் 192.168.1.5 என்று ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய எண்) போட்டிருக்கிறார்கள். ரவுட்டர் தானாகப் பங்கிட்டுக் கொடுக்கும் முகவரிகளுக்குள் அதுவும் அடக்கம். கணினிக்கும் அதையே கொடுத்திருந்தது. இரண்டும் ஓடும்போது, கணினிக்கு வர வேண்டிய பதில் சில நேரம் பிரின்டருக்குப் போய்விடும். ரவுட்டரின் முகவரியான 192.168.1.1-க்குப் பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சோதனைச் செய்தி) அனுப்பினால்கூடப் பதில் வருவதும் நிற்பதுமாக இருந்தது. பிரின்டரை ரவுட்டர் பங்கிடாத 192.168.1.200-க்கு மாற்றினேன். அப்புறம் பழைய கேபிளையே மாட்டி, சித்தியை இருபது பக்கம் பிரின்ட் எடுக்கச் சொன்னேன். நெட் ஒருமுறைகூட விடவில்லை.

இப்போது இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங்கை ‘இடைப்பட்ட உண்ணாவிரதம்’ என்று வேறு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எதற்கும் எதற்கும் இடைப்பட்டது அது? ஆங்கிலச் சொல்லின் முதல் ஐந்து எழுத்தைப் பார்த்ததும் ‘இடை’ என்று எழுதும் கை, அந்த வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.