றெக்கைக்குப் பட்டி பார்க்காதீங்க, அண்ணாச்சி

இந்த வைகாசியில் பட்டி அப்பிய காற்றாலையைப் பார்ப்பது இது நாலாவது. பணகுடிப் பக்கம், 30 மீட்டர் வட்டம் போடும் பழைய 250 கிலோவாட் காத்தாடி. பக்கத்து மெஷின் நன்றாக ஓட, இது மட்டும் திணறுகிறது. நிறுத்திவிட்டுக் கயிற்றில் இறங்கிப் பார்த்தால் றெக்கையின் முன்விளிம்பு முழுக்க விரல் தடிமனுக்குப் பட்டி, அதன்மேல் வெள்ளைப் பெயின்ட். கார் டிங்கரிங் ஆள் செய்த வேலையாம். மெஷினுக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சியிடம் கேட்டால்:

"காத்து தள்ளுது, றெக்கை சுத்துது. இதுல மேடு பள்ளம் இருந்தா என்ன தம்பி?"

இந்தத் 'தள்ளுது'தான் எனக்கு ஆகாது. கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்று என்றால் நுனி மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அன்றைக்குக் காற்று 36 கிலோமீட்டர். இழுக்கிற மாட்டைவிட வண்டி ஆறு மடங்கு வேகமாக ஓடுமா? தள்ளுவதுதான் வேலையென்றால் அகலப் பலகை நாலைக் கட்டிவிட்டுப் போகலாமே, நுனியை ஏன் ஒல்லியாக்குகிறார்கள்? விமான இறக்கை மாதிரிதான் இதுவும். வளைந்த முதுகில் காற்று ஒட்டி வழுக்கினால் தூக்குவிசை பிறக்கும். அதுதான் சுற்ற வைக்கிறது. முன்விளிம்பு சொரசொரத்தால் காற்று சீக்கிரமே முதுகை விட்டுப் பிய்த்துக்கொள்ளும். தூக்குவிசை குறையும், இழுவை ஏறும்.

வடிவமைக்கும்போது றெக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அகலம், முறுக்கு, வெட்டுத்தோற்றம் எனக் கணக்கிடுகிறார்கள். உங்கள் பட்டிக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அதிலும் நுனிப்பக்க மூன்றில் ஒரு பங்குதான் மொத்த வட்டப் பரப்பில் பாதிக்கு மேல் துழாவி வருகிறது. மழைத்துளியும் மணலும் அரிப்பது அங்கேதான். நீங்கள் அப்பியதும் அங்கேதான். (எவ்வளவு நல்ல றெக்கையும் காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்தைத் தாண்டாது. கிடைப்பதே அவ்வளவுதான்.)

அதைவிடப் பகீரென்றது வேறு. நுனி பிரேக்கின் இடைவெளியிலும் பட்டி! மெஷின் தறிகெட்டு ஓடினால் அந்த நுனி திரும்பித்தான் அடக்க வேண்டும். தண்ணீர் வடியும் துளையையும் அடைத்திருக்கிறார். உள்ளே நீர் தங்கியிருக்கும்போது இடி விழுந்தால், ஆவி கிளம்பி றெக்கையே வெடித்துப் பிளக்கும்.

அரிப்பைப் பங்குனியிலேயே பாருங்கள், சீசன் தொடங்கிய பிறகு அல்ல. றெக்கைக்கென்றே உள்ள பூச்சு போடுங்கள். வடிவ அச்சு வைத்துச் சரிபார்க்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஒரு றெக்கையில் மட்டும் எடை கூடினால் கோபுரமே ஆட்டம் எடுக்கும். றெக்கை சுற்றாமல் பூட்டும் ரோட்டர் லாக் போடாமல் யாரையும் மேலே ஏற்றாதீர்கள்.

அந்த நுனிகளைச் சுரண்டி விடுவிக்கும்வரை மெஷினை ஓட்ட வேண்டாம், அண்ணாச்சி. வைகாசிக் காற்று வீணாகப் போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். போகட்டும்.